கேர்: ‘அரிதாக’ இல்லை, ‘அவ்வளவாக இல்லை’

பிரெஞ்சுக் கதை ஒன்றின் தமிழாக்கத்தை அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்கத் தந்திருந்தார்கள். காய்ச்சலில் கிடக்கும் பையனைப் பற்றி ஒரு வரி: ‘காலையிலிருந்து அவன் அரிதாகச் சாப்பிட்டான்.’ மூலத்தில் இருப்பது ‘இல் நா கேர் மான்ழே’, அதாவது ‘அவன் அவ்வளவாகச் சாப்பிடவில்லை’. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டான், அவ்வளவுதான். இதே ‘அரிதாக’வை எத்தனை மொழிபெயர்ப்பில் பார்த்துவிட்டேன்!

அந்தத் தொடரில் உள்ள ‘கேர்’, பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் பேசிய பழைய பிராங்கிய மொழியிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. முதற்பொருள் ‘மிகுதி’. ‘நே’ என்ற எதிர்மறைச் சொல்லோடு சேர்ந்தால் ‘மிகுதியாக இல்லை’. போரைக் குறிக்கும் ‘கேர்’ ஒலியில் இதேதான், அதுவும் பிராங்கிய வரவுதான். ஆனால் வேர் வேறு.

சரி, ‘அரிதாக’ எங்கிருந்து வந்தது? ஆங்கில அகராதி வழியாகப் போனதன் விளைவு. அங்கே ‘ஹார்ட்லி’ என்று போட்டிருப்பார்கள், அதற்கு நம் அகராதியில் ‘அரிதாக’ கிடைக்கும், எடுத்து ஒட்டிவிடுவார்கள். ‘அரிதாக’ என்றதும் நமக்கு எத்தனை தடவை என்றுதான் தோன்றும். கேர் பெரும்பாலும் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. ‘அவரை நான் அரிதாக அறிவேன்’ என்று எந்தத் தமிழர் பேசுவார்? ‘அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது’ என்போம். ‘அவ்வளவு’ என்ற அளவுச் சொல், பின்னால் ஓர் எதிர்மறை. கேர் பிறந்த விதமும் இதுதானே! பக்கத்து வீட்டுப் பாட்டி ‘அவ்வளவாப் பசிக்கலைம்மா’ என்று சொல்வதில் அந்தச் சொல்லின் முழுப்பொருளும் இருக்கிறது.

இன்னொரு கட்சி ‘சாப்பிடவே இல்லை’ என்று எழுதுகிறது. தமிழாகவாவது இருக்கிறது, ஆனால் பொருள் தப்பு. கேர் கொஞ்சம் மிச்சம் வைக்கும் சொல். ‘-வே இல்லை’ அந்த இரண்டு வாயையும் துடைத்துவிடுகிறது. மருத்துவரிடம் தாய் சொல்லும் இடமாக இருந்தால் வித்தியாசம் சின்னதா?

இதே வேரில் ‘நாகேர்’ என்று ஒரு சொல் உண்டு. ‘அதிகக் காலம் ஆகவில்லை’ என்ற தொடர் ஒட்டிப்போய் உண்டானது, எனவே ‘சில காலம் முன்பு’. நெடுங்காலம் முன்பு என்பதற்கு அவர்களிடம் ‘ழாதிஸ்’ தனியாக இருக்கிறது. இன்று பிரெஞ்சுக்காரர்களே இரண்டையும் குழப்புகிறார்கள் என்பது உண்மை. அதற்காக, அதே கையெழுத்துப்படியில், போன வருடம் மூடிய ரொட்டிக் கடையைப் பற்றி ‘முன்னொரு காலத்தில்’ என்று எழுதியிருந்ததை விட முடியுமா? அடித்துவிட்டு, ‘கொஞ்ச நாள் முன்புவரை’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.