நீரில் மூச்சுத் திணறும் வேர்

மூன்று நாள் அடைமழை ஓய்ந்ததும் தக்காளிப் பாத்தியைப் போய்ப் பாருங்கள். காலடியில் தண்ணீர் தளும்பி நிற்கும். இலைகளோ சித்திரை வெயிலில் வாடியதுபோலத் தொங்கிக் கிடக்கும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செடி ஏன் தாகத்தில் வாடுகிறது என்ற கேள்வி என்னைப் பல வருஷமாக விடவில்லை.

இந்தத் தொல்லையில் சட்டென்று மாட்டிக்கொள்ளும் பயிர்களில் ஒன்று ஹெம்ப். நாருக்காகவும் விதைக்காகவும் வளர்க்கிற, போதைச் சத்து மிகக் குறைந்த கஞ்சா வகை அது. (நம் வயல்களில் பசுந்தாள் உரமாக மடக்கி உழுகிற சணப்பு வேறு, இது வேறு.) இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் இதைப் பயிரிட முடியாது. தொழில் தேவைக்காக உத்தராகண்ட் 2018-இல் உரிமம் தரத் தொடங்கியது. ஈரம் என்றால் ஹெம்ப்புக்கு உயிர், ஆனால் நீர் தேங்கினால் ஆகாது. அதுவும் இளம்பயிராக இருக்கும்போது தேங்கினால் பிழைப்பது கஷ்டம்.

வேரும் மூச்சு விடுகிறது. நல்ல மண்ணின் பருமனில் ஏறக்குறையப் பாதி, துகள்களுக்கு இடையிலான இண்டு இடுக்குகள்தான். அவற்றில் ஒரு பங்கில் நீரும் மறு பங்கில் காற்றும் இருக்கும். வெள்ளம் வந்தால் காற்று வெளியேறி அந்த இடத்தையும் நீர் பிடித்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் உண்டு. அதே ஒரு லிட்டர் தண்ணீரில், நம் ஊர் வெப்பத்தில், 8 மில்லிகிராம்தான் கரையும். அந்தக் கொஞ்சமும் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் நீருக்குள் நகரும். உள்ளே இருப்பதை வேரும் நுண்ணுயிர்களும் உறிஞ்சித் தீர்த்துவிடும், மேலிருந்து புதிதாக வந்து சேரவும் வழியில்லை. வெதுவெதுப்பான மண்ணில் ஒரு நாளிலேயே இருப்பு காலியாகிவிடலாம்.

பிறகு நடப்பதுதான் விஷயத்தின் மையம். ஆக்சிஜன் இருந்தால், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து செல்லுக்கு 30 ஏடிபி (செல் ஆற்றலைச் செலவழிக்கப் பயன்படுத்தும் நாணயம் போன்ற மூலக்கூறு) வரை கிடைக்கும். இல்லாவிட்டால் நொதித்தல் வழியாக வெறும் 2. பட்டினியில் செல் தன் சர்க்கரையை வேகமாக எரித்துத் தீர்க்கிறது, உள்ளே அமிலத்தன்மையும் ஏறுகிறது. வேர்ச் செல்களின் சவ்வில் நீர் நுழைவதற்கென்றே அக்வாபோரின் என்ற புரதக் கதவுகள் இருக்கின்றன. அமிலம் ஏறியதும் அவை மூடிக்கொள்கின்றன. வேர் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தும் தண்ணீர் உள்ளே போவதில்லை. தக்காளி வாடுவதும் ஹெம்ப் தலை சாய்வதும் இதனால்தான்.

மண்ணுக்குள்ளும் நிலைமை மோசமாகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் சில பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக, தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டை எடுத்துக்கொள்கின்றன. போட்ட தழைச்சத்து வாயுவாகிப் பறந்துவிட, அடியிலைகள் மஞ்சளிக்கின்றன. அடுத்து இரும்பு, அதற்குப் பின் சல்பேட் என்று வரிசை போகிறது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சல்பேட் கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். இதற்கிடையே பித்தியம் என்ற வேரழுகல் கிருமி, நீந்தத் தெரிந்த தன் வித்துகளை நீருக்குள் அவிழ்த்துவிடுகிறது. அப்படி அழுகிய செடியைப் பிடுங்கி வேரை இரு விரலால் இழுத்துப் பாருங்கள். பழுப்புத் தோல் வழுக்கிக் கழன்று கையோடு வந்துவிடும். நடுவில் நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும்.

பக்கத்து வயலில் நெல் மட்டும் எப்படிச் செழித்து நிற்கிறது? நெல் வேரைக் குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிபோல வெற்றிடங்கள் தெரியும். இலையிலிருந்து வேர் நுனிவரை காற்று இறங்கும் குழாய்கள் அவை. நுனியருகே கசியும் ஆக்சிஜன் சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கி வேரின்மேல் படிய வைக்கிறது. நாற்றைப் பிடுங்கும்போது வேரில் தெரியும் செம்பழுப்பு நிறம் அந்தத் துருதான். மேட்டுநிலப் பயிர்களுக்கு இந்த அளவுக்கு வசதி கிடையாது.

எனவே ஈர நிலத்தில் ஹெம்ப் வளர்த்தவர்கள் செடியை மாற்றவில்லை, நிலத்தை உயர்த்தினார்கள். இத்தாலியில் போ நதிச் சமவெளி தாழ்வானது, களிமண் நிலம். போலோன்யா, ஃபெராரா பகுதி உழவர்கள் வயலின் நடுப்பகுதியை முதுகுபோல மேடாக்கி இருபுறமும் வடிகால் வெட்டினார்கள். மேட்டின் உயரம் முக்கியம், ஏனென்றால் களிமண்ணில் நீர் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும். கண்ணுக்குத் தெரியும் நீர்மட்டத்துக்கு மேலும் சிறிது தூரம் மண் நீரால் அடைபட்டே இருக்கும். பூந்தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கையும் இதனால்தான் பொய்க்கிறது. மண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையே நீர் தயங்கி நிற்க, ஈரமான பகுதி வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடும்.

அதே உழவர்கள் வயலோரம் குளங்களும் வெட்டி வைத்திருந்தார்கள், பெயர் மாச்செரி. அறுத்த ஹெம்ப் தண்டைக் கட்டுக் கட்டாக அதில் இறக்கி, மேலே கூழாங்கற்களை ஏற்றி அமுக்குவார்கள். ஆக்சிஜன் இல்லாத அந்த நீரில் கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாக்கள் பெருகி, நாரைத் தண்டோடு ஒட்டியிருக்கும் பெக்டின் பசையைக் கரைத்துவிடும். கோடையில் ஏழெட்டு நாள் போதும். நாற்றம் ஊரைத் தூக்கும். ஆட்கள் இடுப்பளவு நீரில் இறங்கி ஊறிய கட்டுகளை அலசிக் கரையேற்ற, வெயிலில் காய்ந்த தண்டிலிருந்து நார் தனியே உரிந்து வரும்.