உறைபனி வர்றதுக்கு முன்னாடியே தண்ணிய நிறுத்துங்க

மூணாறுல டிசம்பர் மழை விட்டு ராத்திரி வானம் தெளிஞ்சிட்டாலே எனக்கு தொட்டிச் செடிங்க நெனப்புதான். மேகமும் காத்தும் இல்லாத ராத்திரில தரையோட சூடு, இலையோட சூடு எல்லாம் நேரா வானத்துக்கு போயிடும், அதனால தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டும்போதே இலை பூஜ்யத்துக்கு கீழ இறங்கியிருக்கும், விடிஞ்சு பாத்தா தேயிலை மேல வெள்ளையா உறைபனி.

அப்படி ஒரு ஜனவரில என் ஜேட் செடி ஒரே ராத்திரில வெந்த கத்திரிக்கா மாதிரி ஆயிடுச்சு. பக்கத்துலயே இருந்த செம்பர்விவம் அசையவே இல்ல. ரெண்டும் தண்ணி சேத்து வைக்கிற சதைச்செடிதான், அப்புறம் ஏன் இப்படி?

ஜேட் தென்னாப்பிரிக்காக்காரி, இலை நெறைய தண்ணி. அது செல்லுக்குள்ளயே உறைஞ்சா ஐஸ் சவ்வைக் கிழிச்சிடும், திரும்ப இளகும்போது எல்லாம் கொழகொழன்னு வெளிய வந்துரும். செம்பர்விவம் ஐரோப்பா மலைங்கள்ல, ஆல்ப்ஸ்ல எல்லாம் வளர்றது. குளிர் மெல்ல ஏற ஏற அது தன் தண்ணியக் கொறச்சுக்கும், சர்க்கரைய கூட்டிக்கும், இலைய இறுக்கி மூடிக்கும். சர்க்கரை சேந்த சாறு லேசுல உறையாது, உறைஞ்சாலும் ஐஸ் செல்லுக்கு வெளிய இருக்கிற சந்துலதான் கட்டும், உள்ள இருக்கிறது தப்பிச்சிரும். கனடா வரைக்கும் வளர்ற ஒரு குட்டி சப்பாத்திக்கள்ளி இருக்கு, அதுவும் குளிர்காலத்துல சுருங்கி வதங்கி தரையோட படுத்துதான் உயிரக் காப்பாத்திக்குது.

இந்தத் தயாரிப்புக்கு சில வாரம் ஆகும். அதனாலதான் நான் நவம்பர்லயே தண்ணியையும் உரத்தையும் நிறுத்திட்டு, மழை படாம தொட்டிய தாழ்வாரத்துக்கு மாத்திடுவேன், மண்ணுல பாதிக்கு பாதி சல்லி. குளிர விட ஈரம்தான் பெரிய எமன், ஈரமும் குளிரும் சேந்தா வேர் அழுகிடும். உறைபனி வரும்னு தெரிஞ்சா ராத்திரி பழைய வேட்டிய இலைல படாம குச்சி வெச்சு மேல விரிச்சா போதும், மேல போற சூட்ட அது மறிச்சிரும். ஜேட், எச்சிவேரியாங்கிற இன்னொரு சதைச்செடி எல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு போயிடுங்க, அதுங்களால தாங்க முடியாது.

போன வருஷம் எங்க லயத்து அக்கா, செம்பர்விவம் சுருங்கிப் போச்சேன்னு பாவம் பாத்து ஒரு செம்பு தண்ணிய ஊத்திட்டாங்க. அக்கா, அது சாகல, தூங்குதுன்னு சொல்லி தொட்டிய சாய்ச்சு தண்ணிய வடிச்சேன். மார்ச்ல வெயில் ஏறுனதும் கொஞ்சமா தண்ணி விட்டோம், பத்து நாள்ல திரும்ப உப்பிடுச்சு.