ஜமாபந்தி என்னும் வருவாய்த் தீர்வாயம்

கோடை பிறந்தால் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துத் தாலுகா ஆபீஸ்களில் 'ஜமாபந்தி' அறிவிப்பு வந்துவிடும். கிராமத்து வருவாய்க் கணக்குகளை வருஷா வருஷம் சரிபார்க்கும் நிகழ்ச்சி அது. காதுக்குச் சமபந்தி போஜனம் மாதிரி விழும். ஆனால் இங்கே இலை போடமாட்டார்கள்.

சொல்லின் முன்பாதி அரபு, பின்பாதி பாரசீகம். 'ஜமா' என்றால் சேர்ந்தது, மொத்தத் தொகை. மேலப்பாளையத்து முஸ்லிம்கள் தங்கள் ஊர்ச் சபையைச் சொல்லும் 'ஜமாஅத்' இதே வேரில் பிறந்தது. 'பந்தி' என்றால் கட்டுதல், வரையறுத்தல். ஓர் ஊரிலிருந்து அரசுக்கு வரவேண்டிய மொத்தத்தைக் கட்டி முடிப்பதுதான் ஜமாபந்தி. வடக்கே முகலாயர் கால வருவாய் நிர்வாகத்தில் புழங்கிய சொல், கம்பெனி ஆட்சியில், குடியானவனிடமே அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையோடு இங்கே வேரூன்றியது. எந்தக் குடியானவன் எவ்வளவு கட்ட வேண்டும், விளையாத நிலத்துக்கு எவ்வளவு வஜா (தள்ளுபடி) என்று வருஷா வருஷம் முடிவு செய்த இடம் அது. தாசில் (வசூல்), கிஸ்தி (வரித் தவணை), பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) எல்லாம் இதனோடு வந்த சொற்களே.

பசலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'ஃபஸ்ல்' என்ற அரபுச் சொல்லுக்குப் பருவம், அறுவடை என்று பொருள். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடியும். பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்: 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் அறுப்பு பங்குனியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். அதனால் மே, ஜூனில் அந்தப் பசலியின் கணக்கை முடிப்பது இந்தச் சீமைக்குத் தோதாகவே இருக்கிறது.

அரசு வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் 'வருவாய்த் தீர்வாயம்'. 'தீர்வை' என்றால் நிலவரி. ஊரின் நிலங்களை சர்வே எண் வாரியாகப் பட்டியலிடும் அ-பதிவேட்டில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்று இன்றும் இருக்கிறது. ஆயம் என்பதற்கும் வரி, கூட்டம் என்று இரு பொருளும் பழந்தமிழில் உண்டு. பொருத்தமான ஆக்கம்தான். ஒரே குறை, 'தீர்ப்பாயம்' என்று தவறி எழுதிவிடுவது. தீர்ப்பாயம் வழக்கு விசாரிக்கிற இடம். தீர்வாயம் கணக்குப் பார்க்கிற இடம்.

எந்தக் கணக்கு? கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் கிராமக் கணக்குகள் எல்லாம். 2-ஆம் எண் அடங்கல்: எந்த சர்வே எண்ணில் யார், என்ன பயிரிட்டார் என்பது. 10-ஆம் எண் சிட்டா: யார் பேரில் எவ்வளவு நிலம் என்பது. சில கிராமங்கள் சேர்ந்த குறுவட்ட வாரியாக நாள் ஒதுக்கி, ஆட்சியரோ கோட்டாட்சியரோ உட்கார்ந்து புரட்டுவார். நில அளவைச் சங்கிலிகூடச் சோதிக்கப்படும். 1980-இல் பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்), முன்சீப் (ஊர்த் தலைவர்) பதவிகள் ஒழிக்கப்படும் வரை இந்தக் கணக்குகள் பல ஊர்களில் ஒரு குடும்பத்தின் கையிலேயே இருந்தன. இன்று சிட்டா, அ-பதிவேடு, நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் புல வரைபடம் மூன்றையும் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் யாரும் எடுக்கலாம். 2019 நவம்பருக்குப் பிறகு ஆலங்குளம், சங்கரன்கோவில் நிலங்களைத் தென்காசி மாவட்டத்தில் தேட வேண்டும். திருநெல்வேலியில் தேடிவிட்டு 'பட்டாவே இல்லை' என்று பதறுகிறவர்கள் உண்டு.

நிலவரி இன்று சிறு தொகைதான். ஆனால் சிட்டாவில் பேர் இல்லாதவருக்கு பிஎம் கிசான் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று தவணையாக வரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனும் சிரமம். நிலம் இன்னும் தாத்தா பேரில் இருக்கும். அல்லது சிட்டாவில் சாதிப் பட்டத்தோடு ஒரு பேரும், ஆதாரில் வெறும் பேரும் இருக்கும். இரண்டும் வேறு ஆள் என்று கணினி தள்ளிவிடும். கர்ணமாயிருந்தால் முகத்தைப் பார்த்துச் சரி என்றிருப்பார், அல்லது முகத்தைப் பார்த்தே இல்லை என்றிருப்பார். கணினி முகம் பார்ப்பதில்லை, நல்லதுக்கும் கெட்டதுக்கும். தப்பாக ஏறிய பதிவை இணையம் தப்பாகவே எல்லாத் திட்டத்துக்கும் அனுப்பிவைக்கும். அதைத் திருத்த ஒரு மனிதர் முன்னால் கணக்குப் புத்தகம் விரிய வேண்டியிருக்கிறது. ஜமாபந்தியின் இன்றைய பயன் அங்கேதான்.

கோயில், மடத்து நிலங்களைக் குத்தகைக்கு உழுகிறவர்கள் ஆற்றங்கரையில் நிறைய. அவர்களுக்குச் சிட்டா கிடையாது. அடங்கல்தான் பெரும்பாலும் பிடி. களக்காட்டு வாழைத் தோட்டத்தை அடங்கலில் நெல் என்று போட்டிருந்தால், காற்றில் வாழை சாய்ந்த பிறகு நிவாரணம் கேட்க வாயே இருக்காது. பயிர் நிற்கும்போதே அடங்கலைப் பார்த்துவிடுவது நல்லது.

சிட்டாவை வாசிப்பதிலும் வழுக்கும் இடம் உண்டு. '0 - 12.50' என்று இருந்தால் அது 12½ சென்ட் அல்ல. ஹெக்டேர் பூஜ்யம், ஏர் 12.50. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட், ஆக நிலம் ஏறத்தாழ 31 சென்ட். பழைய பத்திரத்தில் 'இத்தனை மரக்கால் விதைப்பாடு', அதாவது இத்தனை மரக்கால் விதை விதைக்கும் நிலம், என்று மட்டும் இருந்தால் அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். சர்வே எண்ணை வைத்துப் புல வரைபடத்தோடு பொருத்துவதே வழி.

ஜமாபந்தியில் மனு கொடுக்கப் போகிறவர் சிட்டா, அ-பதிவேடு நகல், பத்திரம், தாத்தா பேரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். இரண்டு தலைமுறை கடந்திருந்தால் இடையில் இறந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாரிசுச் சான்று வேண்டும். மகள்கள் பேர் விட்டுப்போன சான்று பிறகு வழக்காக வளரும். நிலத்தைப் பிரித்துத் தனி எண் கொடுக்கும் உட்பிரிவு தேவைப்படாத பெயர் மாற்றம் சீக்கிரம் முடியும். உட்பிரிவு என்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும். ஜமாபந்தி நாளிலேயே பட்டா கைக்கு வரும் என்று நம்பிப் போகவேண்டாம். 1980-களின் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் நுழைந்த பிழை, ஊரார் 'யூடிஆர் பிழை' என்பது, பெரும்பாலும் தாசில்தாருக்கு மேலே உள்ள அலுவலர் வரை போகும். மனுவின் தலைப்பில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், பட்டா எண், பசலி ஆண்டு ஐந்தையும் எழுதி, ஒப்புகைச் சீட்டு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். மனுவில் 'ஜமாபந்தி' என்று எழுதினாலும் 'வருவாய்த் தீர்வாயம்' என்று எழுதினாலும் வாங்கிக்கொள்வார்கள். சர்வே எண் தப்பாக இருந்தால்தான் திரும்பி வரும்.