வீடியோ நடுவில் நின்று ஏன் கேள்வி கேட்கிறது?

இரவு பத்தரைக்கு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, சாப்பாட்டு மேசையில் ஃபோனைச் சாய்த்து வைத்துப் புள்ளியியல் பாடம் பார்ப்பேன். ஆறு நிமிடம் ஓடியதும் வீடியோ நின்று, சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கும். முதல் சில வாரங்கள் எரிச்சலில் பதில் சொல்லாமலே அடுத்ததுக்குத் தாவிவிடுவேன். முக்கால்வாசிப் பாடம் அந்தக் கேள்வியில்தான் நடக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

ஆட்டோவில் பத்து தடவை போன வீடுதான், ஆனால் ஒருநாள் நாமே வண்டியை எடுத்துக்கொண்டு போனால் எந்தச் சந்தில் திரும்புவது என்று திணறுவோம் இல்லையா, படிப்பும் அப்படித்தான். பார்த்ததையே திரும்பப் பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் அது வெறும் பழக்கம். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, சிலரை மறுபடி படிக்கவும், சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. நினைவைத் தேடி வெளியே இழுக்கிற அந்தச் சிரமமே அதை இறுக்கிக் கட்டுகிறது.

ஆன்லைன் பாடத்தில் இன்னொரு லாபமும் உண்டு. 2013-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில் 21 நிமிட விரிவுரையை நான்கு துண்டாக்கி, ஒரு குழுவுக்கு மட்டும் ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் சின்னத் தேர்வு வைத்தார்கள். அவர்களுக்குக் கவனம் சிதறியது மற்றவர்களைவிடப் பாதி அளவுதான், குறிப்பும் அதிகம் எடுத்தார்கள். அடுத்து கேள்வி வரும் என்று தெரிந்தால் மனசு ஊர் சுற்றப் போகாது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு உட்காருகிற நம்மைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

அதற்காகக் கேள்வி என்று எதை வைத்தாலும் போதாது. கடைசியில் பத்து கேள்வி, நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு, வேண்டுமானால் வீடியோவை ஓட்டிப் பார்த்துக்கொள் என்றால் அங்கே யாரும் எதையும் நினைவுகூர்வதில்லை. நல்ல பாடத்தில் கேள்விக்கு மதிப்பெண் பயம் இருக்காது, தப்பாகச் சொன்னால் ஏன் தப்பு என்று உடனே விளக்கம் வரும், அப்புறம் முதல் வாரத்துக் கேள்வி மூன்றாம் வாரத்தில் திடீரென்று எட்டிப் பார்க்கும். முப்பது, நாற்பது வயதுக்கு மேல் படிக்க வருகிறவர்களுக்குத் தப்பாகிவிடுமோ என்ற கூச்சம் நிறைய. யாரும் பார்க்காத இடத்தில் தப்பு செய்ய விடுவது அவர்களுக்கு மிகப் பெரிய சலுகை.

உங்கள் கோர்ஸில் இப்படி எதுவும் இல்லையா? சரி, நீங்களே ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஃபோனைக் கவிழ்த்துவிட்டு, கேட்டதை ஒரு தாளில் எழுதுங்கள். நான் பழைய மளிகை பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். மறுநாள் காலை பஸ்ஸில், அந்தச் சீட்டை எடுப்பதற்கு முன், அதில் என்ன எழுதினேன் என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்பேன்.