ரெக்சின் கோட்டும் 2 மி.மீ. கருவிழியும்

திரைப்படப் பாத்திரங்களின் 1/6 அளவு பொம்மை, அதாவது ஃபிகர், கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். விளம்பரப் படத்தில் இருப்பது பெரும்பாலும் தேர்ந்த ஓவியர் ஒருவர் தீட்டிய மாதிரிப் பொம்மை. பெட்டியில் வருவது தொழிற்சாலையில் பல கை மாறியது. ஆனால் பெயின்ட் குறை அன்றைக்கே கண்ணில் படும், மாற்றிக் கேட்கலாம். உடையின் குறையோ திருப்பித் தரும் கெடு முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் தலைகாட்டும்.

முகத்தில் கண்ணிலிருந்து தொடங்குங்கள். மனிதக் கருவிழி வட்டம் சுமார் 12 மி.மீ.; இந்த அளவில் வெறும் 2 மி.மீ. அது கால் மி.மீ. நகர்ந்தாலே பார்வை கோணிவிடும். போனில் நேராகப் படமெடுத்து, இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண் விட்டுவிட்ட மாறுகண் அப்போது தெரியும். அடுத்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். முடியோரம் வழிந்த பெயின்ட், உதட்டுக் கோடு விலகல், பிளாஸ்டிக் இணைப்புக் கோடு மூன்றும் அகப்படும். பளபளப்பு கண்ணிலும் உதட்டிலும் மட்டும் இருக்கலாம். கன்னமும் மின்னினால் மெழுகு முகம்தான்.

உடையில் எல்லாமே ஆறு மடங்குக் கணக்கு. 1 மி.மீ. தடிமன் துணி, நிஜ ஆள் மேல் 6 மி.மீ. கம்பளி. தையல் ஒன்று 1.5 மி.மீ. நீளமென்றால் 9 மி.மீ., அதாவது கோணி ஊசித் தையல். துணி மெல்லியதாக இருந்தால்தான் மடிப்பு இயல்பாக விழும்.

உண்மையான ஆபத்து ரெக்சின் கோட்டில். பாலியூரித்தேன் பூசிய இந்தச் செயற்கைத் தோலைக் காற்றின் ஈரப்பதம் மெல்ல மெல்ல உள்ளிருந்தே சிதைக்கிறது. பெட்டியைப் பிரிக்காமல் வைத்தாலும் தப்பாது. முழங்கை, அக்குள், இடுப்பு மடிப்பில் முதலில் வெடித்துச் செதிலாக உரியும். வெட்டு விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள்: நார் நாராகத் தெரிந்தால் நிஜத் தோல், துணியின்மேல் மெல்லிய படலம் தெரிந்தால் ரெக்சின். நிஜத் தோலுக்கான எண்ணெயை இதில் தடவுவது வீண் வேலை.

கறுப்பு, அடர்சிவப்பு உடைகளில் சாயம் உடம்பு பிளாஸ்டிக்கில் இறங்கும். இறங்கினால் எடுப்பது கஷ்டம். ஈரப் பஞ்சுக் குச்சியால் உடையின் உள்பக்கத்தைப் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், குழாய் இணைப்புக்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பை உடம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உடுத்துங்கள். கறையைப் போக்க அசிட்டோன் தொடவே கூடாது, பிளாஸ்டிக்கே கரையும்.

ஃபிகரின் கையைக் கழற்றி வேறு கை மாட்டும்போது மணிக்கட்டு இறுக்கமாக இருந்தால் ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்குங்கள், முகத்தின் பக்கம் காற்றைத் திருப்பாமல். மடக்கிய கை கால்களோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். வெடிப்பு அந்த மடிப்பில்தான் தொடங்கும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும், நேர் வெயில் வேண்டாம். விளக்கு எரியும் ஃபிகர் என்றால் பட்டன் செல்லைக் கழற்றி வையுங்கள்.

உரியத் தொடங்கிய கோட்டைப் பசை போட்டு ஒட்டினால் விறைத்து, பக்கத்தில் புதிதாக வெடிக்கும். முழுக்க உதிரும் முன்பே கழற்றி, தையலைப் பிரித்துக் காகிதத்தில் வெட்டு வடிவம் எடுத்துவிடுங்கள். மெல்லிய ஆட்டுத்தோலில் மாற்றுக் கோட் தைக்க அந்தக் காகிதம் வேண்டும்.