அடுத்த வட்டாரச் செயலாளர் யார்?

தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களில் கிளைத் தேர்தல் எப்படி நடக்கும் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். "நீங்களே இருந்துடுங்க சார், பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். கைதட்டல் கிளம்பும். பழைய வட்டாரச் செயலாளரே மறுபடியும் வட்டாரச் செயலாளர். போட்டி இல்லாததைத் தீர்மான நோட்டில் பெருமையாக வேறு எழுதிவைப்போம். நானும் வட்டாரப் பொறுப்பில் இருப்பவன்தான். இந்த வழக்கம் இனி ரொம்ப நாள் ஓடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று பொறுப்புகளில் இருக்கும் பலர் 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் உருவானவர்கள். டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் அரசு ஊழியர், ஆசிரியர் என்று சுமார் 1,70,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது வீடு வீடாகப் போய் ஆட்களைத் தேற்றியவர்கள். அப்போது 35 வயது என்றால் 2028இல் 60. ஓய்வு வயது 58இலிருந்து 2020இல் 59, 2021இல் 60 என்று உயர்ந்ததால் பிரச்சினை கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள், 1.6.2009 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், அதாவது தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள். அதற்கு முந்தைய நாள் வரை சேர்ந்தவர்களுக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றால் இவர்களுக்கு 5,200. அதோடு சேரும் தர ஊதியம் (கிரேடு பே) மட்டும் இருவருக்கும் ஒரே 2,800. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு இவர்களில் பலர் தனி இயக்கமாகத் திரண்டு உண்ணாவிரதம் வரை போனார்கள். பழைய சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவர்கள் பிரச்சினை இருந்தது, மேடையில் இவர்களுக்கு நாற்காலி இல்லை. தனியாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. அதற்கும் கீழே பெரிய பள்ளம். கிட்டத்தட்டப் பத்தாண்டுகள் இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனம் ஏறக்குறைய இல்லை. 2024 ஜூலையில்தான் நியமனத் தேர்வு நடந்தது. அதில் தேர்வாகி வந்தவர்களைச் சந்தா ரசீதோடு போய்ப் பார்த்ததோடு சரி, வேறு எதற்கும் நாம் கூப்பிடவில்லை.

புதியவர்களை வளர்ப்பது என்றாலே ஒரு நாள் முகாம், மதியம் பிரியாணி, ஓய்வுபெற்ற தோழரின் நீண்ட உரை என்றாகிவிட்டது. முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிரச்சினையை முழுதாகக் கையில் கொடுத்தால்தான் ஆள் தேறுவார். எங்கள் வட்டாரத்தில் ஓர் ஆசிரியைக்குப் பத்தாண்டு முடிந்தும் தேர்வுநிலை (ஒரே பதவியில் பத்தாண்டு முடித்தால் கிடைக்கும் ஊதிய உயர்வு) வரவில்லை. வழக்கமாகச் செயலாளர் போன் போட்டு முடிப்பார். இந்த முறை பக்கத்துப் பள்ளி இளம் ஆசிரியை ஒருவரிடம் விட்டோம். அவர் முதலில் பணிப்பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். தகுதிகாண் பருவம் முடித்த ஆணை அதில் பதிவாகவே இல்லை. வேறு ஒன்றியத்திலிருந்து மாறுதலில் வந்தவர் என்பதால் ஆணை பழைய அலுவலகத்திலேயே தங்கிவிட்டது. விண்ணப்பம் எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கினார். அந்த ஒன்றியக் கிளைத் தோழரைப் பிடித்து ஆணை நகலை வரவழைத்தார். அப்புறம்தான் தேர்வுநிலைக்கான கருத்துரு போனது. நாங்களும் கூடப் போனோம், வாய் திறக்கவில்லை. கண்காணிப்பாளர் பழக்கதோஷத்தில் எங்களைப் பார்த்தே பேசினார். "டீச்சர்கிட்ட சொல்லுங்க சார்" என்றோம். பழைய பொறுப்பாளர்களுக்கு அதைச் சொல்வதுதான் கஷ்டம். அதன் பிறகு மற்ற பள்ளிகளிலிருந்தும் அந்த டீச்சருக்கே போன் வர ஆரம்பித்தது.

தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியைகள்தான் பெரும்பான்மை. பொறுப்பாளர் பட்டியலிலோ மகளிரணியைத் தாண்டி அவர்கள் பெயரைத் தேடவேண்டியிருக்கிறது. செயற்குழுவை மாலை ஆறு மணிக்குக் கூட்டி, ஒன்பதரை மணிக்கு இதர பொருள்களைத் தொடங்கினால் யார் இருப்பார்கள்? விடுமுறை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டி மதியச் சாப்பாட்டுக்கு முன் முடியுங்கள். பொருளாளர் பதவியை, வங்கிக் கணக்கில் கையெழுத்தோடு, கொடுங்கள்.

இளையவர்கள் தயங்குவதற்கு 17(பி), அதாவது பெரிய தண்டனை வரை போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கை விதி, பற்றிய பயமும் உண்டு. பொய்த் தைரியம் கொடுக்காதீர்கள். சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது. வேலைநிறுத்தம் செய்வது அடிப்படை உரிமை அல்ல என்று 2003 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "ஒண்ணும் ஆகாது, நாங்க பாத்துக்கறோம்" என்று அனுப்பிவிட்டு, குறிப்பாணை வந்ததும் விளக்கம் எழுதக்கூட உடனிருக்காவிட்டால் அவர் மறுபடி சங்கத்துப் பக்கம் வரமாட்டார்.

இப்போது ஒரு வாய்ப்பு தானாக வந்திருக்கிறது. பணியில் இருப்பவர்களும், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுக்குள் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி பெறவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. புதிதாக வந்தவர்கள் அதைத் தாண்டி வந்தவர்கள். பதற்றத்தில் இருப்பவர்கள் மூத்தவர்கள். வட்டாரத்தில் வார இறுதி டெட் வகுப்பை இளையவர்கள் பொறுப்பில் விடலாம். பாடம் பிரிப்பது, பழைய வினாத்தாள் திரட்டுவது, யார் எப்போது எடுப்பது எல்லாம் அவர்கள் முடிவு. செயலாளர் இடத்துக்குச் சாவி வாங்கிக் கொடுத்துவிட்டு, வயது இருந்தால் அவரும் நோட்டோடு உட்காரலாம்.