சிலாப் செரிப்: தமிழில் பட்டைமுனை எழுத்துரு

மேசன்மார் ‘சிலாப்’ என்பது கொங்கிறீட் தளத்தை. எழுத்துருவின் பெயரில் வரும் சிலாப்பும் அதே சொல்தான்: கனமான தட்டைத் துண்டு. ‘செரிப்’ என்பது ரோம (ஆங்கில) எழுத்தின் தண்டு, அதாவது அதன் முதன்மைக் கோடு, முடியும் இடத்தில் குறுக்கே நிற்கும் முனைக்கோடு. கோடு, கீறு என்று பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லொன்றிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரரின் கணிப்பு.

புத்தக எழுத்துகளில் முனைக்கோடு பெரும்பாலும் மெல்லியது. சிலாப் செரிப்பில் அது தண்டின் தடிப்புக்கு ஏறத்தாழச் சமம், நுனி சதுர வெட்டு. ஹொண்டா மோட்டார் சைக்கிளில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்தால் விளங்கும். தண்டும் முனையும் நேர்கோணத்தில் முட்டினால் ரொக்வெல் வகை (மொனோடைப் எழுத்துரு நிறுவனம், 1934). சிறு வளைவோடு சேர்ந்தால் கிளாரெண்டன் வகை (ரொபர்ட் பெஸ்லி, லண்டன், 1845).

இவ்வகை லண்டனில் 1810களில் சுவரொட்டிக்காகப் பிறந்தது. நெப்போலியனின் படையெடுப்புக்குப் பின் ஐரோப்பாவில் எகிப்து மோகம் பரவியிருந்ததால் ‘எகிப்தியன்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. எகிப்தின் சித்திர எழுத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஆகவே தமிழில் ‘எகிப்திய எழுத்து’ என்று பெயர்ப்பது பிழை. ‘பலகை எழுத்து’ என்றால் பெயர்ப்பலகை நினைவுக்கு வரும். ‘தட்டைமுனை’ தடிப்பைச் சொல்லாது. பட்டைமுனை எழுத்துரு என்பதே பொருந்தும். ‘தடித்த’ என்பது எழுத்தின் எடையை, அதாவது கோட்டின் கனத்தை, குறிக்கும் தனி அடைமொழி. மெலிந்த பட்டைமுனையும் உண்டு. தட்டச்சுக்கான கூரியர் என்ற எழுத்துரு அப்படித்தான். அங்கே எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால், ஒடுங்கிய எழுத்தின் வெற்றிடத்தை அந்த நீண்ட முனைகளே நிரப்புகின்றன.

தடித்த பட்டைமுனை தலைப்புக்கும் பலகைக்கும் உரியது. பந்தி பந்தியாக அடித்தால் பக்கம் கறுத்துப்போகும். பலகைக்கு 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்துயரம் என்பது பொதுக் கணக்கு. கல்முனை வீதியில் 60 அடியிலிருந்து வாசிக்க 6 அங்குலம் வேண்டும். எழுத்திடைவெளியை இறுக்கக்கூடாது. பக்கத்து எழுத்துகளின் முனைகள் முட்டி, இரண்டும் ஒரே எழுத்தாய்த் தெரியும்.

சிக்கல் தொடங்குவது தமிழ் வரியில். மட்டக்களப்பு, அம்பாறைப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் சேர்ந்து நிற்கும். ஆங்கிலத்துக்குப் பட்டைமுனை போட்டதும் தமிழுக்கும் அடிப்பட்டை ஒட்டப் பார்ப்பார்கள். ‘ா’ காலுக்கு அடியில் பட்டை வைத்தால் அது ‘ர’ ஆகிவிடும். ‘கால்’ என்பதைக் ‘கரல்’ என்று வாசிக்க நேரும். முனையை விட்டுவிட்டுத் தடிப்பை மட்டும் ஒப்பிடுங்கள். கோட்டின் தடிப்பு எங்கும் ஏறத்தாழ ஒரேயளவான தமிழ் எழுத்துருவை எடுத்து, அதன் செங்குத்துக் கோட்டை ஆங்கிலத் தண்டோடு அளந்து பொருத்தினால் போதும்.

அப்போதும் ஆகத் தடித்ததை எடுக்காதீர்கள். சுழிகளின் உள்வெளி அடைபட்டு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகும், புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டும். ஒரு படி மெலிந்ததை எடுத்து, தமிழ் வரியின் உயரத்தைச் சற்றுக் கூட்டுவது நல்லது. ஸ்டிக்கர் வெட்டக் கொடுக்குமுன், உண்மையான அளவில் ஒரு சொல்லைக் கடதாசியில் அச்சிட்டு, சுழிகள் திறந்திருக்கின்றனவா என்று எட்ட நின்று பாருங்கள்.